சாகாத வீட்டுக்குச் சாப்பாடு

காருக்குள் ரம்பை மணக்கிறது. பக்கத்து இருக்கையில் மஞ்சள் சோற்றுச் சட்டி இருக்கிறது. சரிந்துவிடக் கூடாதென்று அதற்கும் சீட் பெல்ட் போட்டிருக்கிறேன். நீ பார்த்திருந்தால் சட்டிக்கு என்ன வயது என்று கேட்டிருப்பாய்.

இந்த இலையை நீ பாண்டான் என்பாய், நான் ரம்பை என்பேன். ஈப்போக்காரி ஒருத்தியும் யாழ்ப்பாணக்காரி ஒருத்தியும் வெம்பிளிக் கடையில் ஒரு கட்டு இலையைப் பிடித்துக்கொண்டு வாதாடியதைப் பார்த்த கடைக்காரர், எந்தப் பெயரைச் சொன்னாலும் விலை ஒன்றுதான் என்றார். நீ விட்டுக்கொடுக்கவில்லை. நானும்தான். இன்றைக்கு மத்தியானம் சோற்றுக்குள் அதைக் கிள்ளிப் போடும்போது வாய் தன்பாட்டில் பாண்டான் என்றது. உடனே எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. உன்மேல்தான் என்று வைத்துக்கொள்.

ஹரோவில், ஒரே மாதிரியான வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும் தெரு ஒன்றில் காரை நிறுத்தியிருக்கிறேன். இறங்க வேண்டும். கை கதவுக்குப் போகிறது, திரும்பி வருகிறது. கண்ணாடியைத் துடைத்தாயிற்று. கைப்பையைக் கொட்டி அடுக்கியாயிற்று. பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்துகொண்டு மற்றவர்களைப் பொறுத்திருக்கச் சொல்வதுதான் என் தொழில், ஆனால் எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லியே நீ என்னைக் கிண்டல் செய்வாய். இப்போது இறங்காமல் இருப்பதற்கு ஒரு வேலை வேண்டும். அதனால் தொலைபேசியில் உனக்கு எழுதுகிறேன். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு நான் யாருக்கோ அவசரமாகச் செய்தி அனுப்புவது போலத் தெரியும்.

எதிரில் இருப்பது மதுராவின் வீடு. நீ அவளைப் பார்த்ததில்லை. பத்தொன்பது வயது. பள்ளி வயதில் தாயோடு இங்கே வந்தவள். பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கி, பிறகு போகாமல் விட்டு, பிறகு அறையைவிட்டே வராமல் விட்டாள். தாயும் மகளும் மட்டும் இருக்கும் வீடு. இரண்டு மாதமாக நாங்கள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவருகிறோம். முதலில் அறைக்கதவு திறக்கவில்லை. பிறகு மாடிப்படி வரைக்கும் வந்தாள். இப்போது மேசைக்கு வருகிறாள், சம்பல் உறைப்புப் போதாது என்று எனக்கே குறை சொல்கிறாள். மருந்தும் எடுக்கிறாள். நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன்.

இன்று மத்தியானம் தாய் தொலைபேசியில் பேசினார். குரலில் அவ்வளவு சந்தோஷம். மதுரா தன்னுடைய வயலினைச் சனிக்கிழமை வகுப்புச் சிறுமி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாளாம். நல்ல குளிர்ச்சட்டையை மச்சாளுக்குக் கொடுத்துவிட்டாளாம். அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறாளாம். பிள்ளை தெளிந்துவிட்டாள், எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்கிறாள் என்றார். எனக்கு அது எல்லாரிடமும் பயணம் சொல்லிக்கொள்வது போலக் கேட்டது. நீ ஆலோசகராக வேலை செய்த அலுவலகத்துக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். உன் கதிரையில் இப்போது இருக்கும் பெண் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, நீ சொல்லியிருக்கக் கூடியதைத்தான் சொன்னாள்: இன்றைக்கே போங்கள், நேராகக் கேளுங்கள், பதில் எதுவானாலும் எனக்கு எடுங்கள்.

நேராகக் கேட்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். தாய்க்கும் தெரிந்துவிட்டது, நான் வருகிறேன், பிள்ளையோடு கொஞ்சம் கதைக்க வேண்டும் என்று சொன்னபோதே குரல் மாறிவிட்டது.

“அதை மட்டும் கேட்டிடாதேங்கோ, அக்கா,” என்றார். “இல்லாத நினைப்பை நீங்களே அவளுக்கு உண்டாக்கிப்போடுவியள்.”

அதனால்தான் இறங்க முடியவில்லை.

நீ முதல்முதலில் தொடங்கிய கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? கிங்ஸ்பரியில் அந்த மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு டிஷ்யூப் பெட்டியை வைத்தாய். ஒரு மனிதத் தலை, அதற்குள் சிக்கு விழுந்த நூல்; அப்படி ஒரு சுவரொட்டி. மனச்சோர்வு உள்ள இளைஞர்கள் வரலாம் என்று தமிழிலும் இங்கிலிஷிலும் போட்டாய். யார் வருவார்கள்? எங்கள் சனம் கண்ணாடிக் கதவு வழியாக, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு போனது. ஒரு தாய் உள்ளே வந்துவிட்டு, உன்னைக் கண்டதும், வீணை வகுப்பு இங்கேயா என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். அங்கே வீணை வகுப்பே இல்லை. நான் கொண்டுவந்த ரோல்ஸ் முழுவதையும் நாங்கள் இரண்டு பேருமே தின்று தீர்த்தோம். டிஷ்யூப் பெட்டியைக் கை துடைக்க மட்டும் பாவித்தோம். நீ படித்துப் பட்டம் வாங்கிய மனநல ஆலோசகர். நான் உன்னை அன்றைக்குக் கேலி செய்யாமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

அடுத்த மாதம் என் மாமனார் காலமானார். நீ வெள்ளைப் பூக்களோடு வந்தாய். ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போக வந்தவள், பின்னேரம் வரை குசினி வாசலில் நின்றாய். செத்தவீட்டில் நாங்கள் அடுப்பு மூட்டுவதில்லை. யாரோ இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார்கள். யாரோ புட்டு. யாரோ பெரிய பானையில் தேநீர். வந்தவர்கள் என் மாமியாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. கோப்பைகளைக் கழுவினார்கள், குப்பையைக் கட்டி வெளியே வைத்தார்கள், போய்விட்டார்கள். அடுத்த நாளுக்கு வேறு ஆட்கள். இவர்களை யார் கூப்பிட்டது என்று என்னிடம் கேட்டாய். ஒருத்தரும் கூப்பிடவில்லை என்றேன். யார் எந்த நாள் என்று யார் முடிவு செய்தது? ஒருத்தரும் இல்லை. என்ன சொல்லி ஆறுதல்படுத்துகிறார்கள்? ஒன்றும் சொல்வதில்லை, சும்மா இருப்பார்கள் என்றேன். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: “உங்களுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கு லா. ஆனா ஆள் செத்தாத்தான் செய்வீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் பிணம் போய் ஒரு நாள் ஆகவில்லை, இவள் பேசுகிற பேச்சைப் பார் என்று நினைத்தேன். பிறகு உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது நீ நிறுத்தாமல் பேசினாய். உயிரோடு இருக்கிறவனுக்கு இதையே செய்தால் என்ன? வட்டக் கதிரை வேண்டாம், சுவரொட்டி வேண்டாம். அடுப்பு எரிந்தாலும் ஆள் சாப்பிடாத வீடுகள் எத்தனை இருக்கின்றன? அங்கே சாப்பாட்டோடு போவோம். புத்தி சொல்லக் கூடாது. கலியாணம் பேசக் கூடாது. யாருடைய பிள்ளை டொக்டராகிவிட்டது என்ற கதை அறவே கூடாது. இருக்க வேண்டும், கழுவ வேண்டும், வர வேண்டும். கூடவே வைத்தியரையும் பார்க்க வைக்க வேண்டும், சோறு மருந்தாகாது என்றாய். நான் கேட்டேன், என்ன சாட்டுச் சொல்லிக்கொண்டு போவது? சாட்டு எதற்கு, பசியாறத்தானே போகிறோம் என்றாய். சாப்பிடுவதை நீங்கள் பசியாறுவது என்று சொல்வது எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்கு அது இன்னும் சரியாக இருந்தது.

முதல் வீடு கஜனுடையது. உண்மையில் அவனுடைய சித்தியின் வீடு. கிங்ஸ்பரியில், முன்பக்கத்துச் சின்ன அறையில் அவன் இருந்தான். ஊரில் இருந்து மேற்படிப்புக்கு வந்தவன். வகுப்புக்கும் போவதில்லை, வேலைக்கும் போவதில்லை, தாயோடு மட்டும் தினமும் வீடியோவில் சிரித்துக் கதைப்பான். தொலைபேசியை வைத்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். சித்திக்கு அது கண்ணூறு. சித்தப்பாவுக்கு அது பஞ்சி, வெறும் சோம்பல். நாங்கள் மூன்று பேர் போகத் தொடங்கினோம்: நீ, நான், என் பக்கத்து வீட்டுக் கமலா அக்கா.

அந்தக் கமலா அக்காவை நான் என்ன செய்ய? மூடிய சட்டியோடு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்குப் போ என்றால், அவருடைய உடம்புக்குத் தெரிந்தது ஒரே ஒரு போக்குத்தான். மூன்றாவது தடவை போகும்போது வெளிறிய பருத்திச் சேலை உடுத்து, பொட்டையும் அழித்துவிட்டு, புட்டுச் சட்டியோடு அந்தத் தெருவில் மெல்ல நடந்து போயிருக்கிறார். எதிர்வீட்டில் எங்கள் ஆட்கள். அவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? சித்தியின் காதுக்கு வருவதற்கு முன் செய்தி சவுத்ஹாலுக்கும் குறொய்டனுக்கும் போய், ரொறன்ரோவைச் சுற்றி, ஊருக்கே போய்விட்டது. கஜன் போய்விட்டானாம்.

அன்றைக்கு நாங்கள் எல்லாரும் குசினியில் இருந்தோம். மணி அடித்தது. யாருக்கும் கை ஒழியவில்லை. மேலே இருந்து கஜன் இறங்கி வந்து, தானே கதவைத் திறந்தான். அதுவே பெரிய விஷயம் என்று நீ எனக்குக் கண் காட்டினாய். வாசலில் அவர்களுடைய ஊர்ச் சங்கத்துப் பெரியவர், கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்றார். கஜனை அவருக்கு முகத்தில் தெரியாது.

“தம்பி, மரண அறிவித்தலுக்குக் கஜன்ர நல்ல படம் ஒண்டு வேணும்,” என்றார். “பிரேதத்தை எப்ப குடுப்பினமாம்?”

“நான்தான் கஜன்,” என்றான் அவன்.

பெரியவருக்கு முகம் வெளுத்துவிட்டது. சித்தி குசினியில் இருந்து ஓடிவந்து அவரைப் பிடித்து இருத்தி, தண்ணீர் கொடுத்தார். கமலா அக்கா தன் சேலையைக் குனிந்து பார்த்துவிட்டு, ஐயோ என்று தலையில் கைவைத்தார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எல்லாரும் சிரிக்கத் தொடங்கினோம், பெரியவர் உட்பட. அந்த வீட்டில் பல மாதங்களாகக் கேட்காத சத்தம் அது. கஜனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மாடிப்படியில் இருந்து சொன்னான்: “படத்துக்குக் கஷ்டப்பட வேண்டாம் அங்கிள். நல்லது ஒண்டு போன மாதமே எடுத்து வைச்சிட்டன்.”

நாங்கள் இன்னும் பலமாகச் சிரித்தோம். பிள்ளைக்குப் பகிடிவிடத் தெரிகிறதே என்று சித்தப்பா அவன் முதுகில் தட்டினார்.

நீ சிரிக்கவில்லை. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாய். அவனுக்கு ஒரு படி கீழே போய் இருந்தாய். அத்தனை பேரும் பார்த்திருக்க, பசிக்கிறதா என்று கேட்கும் அதே குரலில் கேட்டாய்: “கஜன், சாகணும்னு நெனச்சிருக்கியா?”

எனக்கு உன் வாயைப் பொத்த வேண்டும் போல் இருந்தது. எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லைச் செத்தவர்களுக்கே சொல்வதில்லை. தவறிவிட்டார், மோசம் போய்விட்டார் என்று சுற்றி வளைப்போம். சித்தப்பாவின் கை அப்படியே அவன் முதுகில் நின்றது. கஜன் குனிந்து தன் காலுறையை இழுத்துவிட்டான். பிறகு ஓம் என்றான். அந்த ஓம் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அது அழுகிற குரலில் வரவில்லை. கனமான பையைத் தரையில் வைக்கிறவனின் மூச்சுப் போல வந்தது.

அன்று நீ அவனை விட்டுப் போகவில்லை. மறுநாள் வைத்தியரிடம் நீயே கூட்டிப் போனாய். தாயிடம் எப்படிச் சொல்வது என்பதைக்கூட அவனும் நீயும் இருந்து யோசித்தீர்கள். கஜன் இருக்கிறான். கலகலவென்று மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். மாத்திரை இன்னும் எடுக்கிறான், சில கிழமைகளில் தொலைபேசியை எடுக்க மாட்டான், நான் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். ஆனால் உன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன் அவன்.

உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலை உதிரும்போது நோயைக் கண்டுபிடித்தார்கள், மரம் துளிர்ப்பதற்கு முன் போய்விட்டாய். உன் வீட்டுக்கு எங்கள் சனம் சட்டி சட்டியாகக் கொண்டுவந்தது. நீ உண்டாக்கிய ஏற்பாட்டுக்கு நீயே ஆளாகிவிட்டாய் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உன் மகன் எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு நின்றான், நான் கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினேன். சமையல் முறையை, யார் எந்த வீட்டுக்கு என்பதை, வைத்தியரோடு பேசுவதை எல்லாம் நாங்கள் பிரித்து எடுத்துக்கொண்டோம். அந்த ஒரு கேள்வியை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது உன்னுடையது என்று விட்டுவிட்டோம்.

மேல்மாடித் திரைச்சீலை அசைகிறது. அவள் என் காரைப் பார்த்துவிட்டாள். சோறு ஆறுகிறது. போகிறேன்.

மிச்சத்தை வீட்டில் இருந்து எழுதுகிறேன். இன்று ஞாயிறு, காலை. உட்கார்ந்து எழுத முடியவில்லை, குசினிக்கும் முன்னறைக்கும் இடையில் நடந்துகொண்டே தட்டுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

தாய்தான் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் சட்டியை அவர் கையில் கொடுத்தேன். மதுரா இறங்கி வந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தாள், வடிவாக இருந்தாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மூன்று பேருக்கும் தட்டு வைத்தோம். மஞ்சள் சோறு நல்லாயிருக்கு என்றாள், கொஞ்சம் சாப்பிட்டாள். தாய் தண்ணீர் எடுக்கிற சாட்டில் குசினிக்குப் போனார். நான் மழையைப் பற்றிக் கதைத்தேன். பிறகு அவர்கள் வீட்டுப் பூனையைப் பற்றி. உன்னைப் போல அமைதியாக ஒரு குரல் எனக்குக் கிடையாது. நான் பதற்றப்பட்டால் கத்துவேன், உனக்குத் தெரியும். கத்திவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

“மதுரா, நீ சாக வேணும் எண்டு நினைக்கிறியோ?”

குசினியில் குழாய் நின்றது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபிப்பாள், எழுந்து போவாள் என்று நினைத்தேன். “யெஸ் அன்ரி,” என்றாள். “எந்த நாள் எண்டுகூட யோசிச்சிட்டன்.” சொல்லிவிட்டு, யாரையோ வருத்திவிட்டவள் போல, சொரி அன்ரி என்றாள்.

உன் அலுவலகப் பெண் சொல்லித்தந்தது அத்தனையும் எனக்கு மறந்துபோனது. சொரி சொல்லாதே, நான் இன்றைக்கு வீட்டுக்குப் போகப் போவதில்லை என்று மட்டும் சொன்னேன். அது எந்தப் பாடத்திலும் இருக்காது. தாய் வாசலில் நின்றார். என்மேல் பாயப்போகிறார், வெளியே போகச் சொல்லப்போகிறார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் வந்து மகளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். ஈரக் கையால் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டார்.

“நீ பிறந்து, அகதி முகாமில இருக்கேக்க நானும் நினைச்சனான், பிள்ளை,” என்றார். “என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை.”

மதுரா தாயைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அப்போதுதான் அந்த மனுஷியைக் கண்டவள் போல இருந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் எழுந்து தொலைபேசியை எடுத்தேன். இலக்கத்தை இரண்டு தரம் பிழையாக அழுத்தினேன். உன் கதிரைப் பெண் பேசினாள், மதுராவோடும் பேசினாள், பின்னேரமே பார்க்க ஒழுங்கு செய்தாள். மூன்று பேரும் என் காரில் போனோம். மதுராவை இனி ஒரு தாதி தினமும் வந்து பார்ப்பார். இனிமேல் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கென்று அவள் சேர்த்து வைத்திருந்ததைத் தானாகவே தாயிடம் எடுத்துக் கொடுத்துவிட்டாள். தாய் அவளுடைய அறையில் படுத்தார்.

நான் உன்னோடு சண்டை பிடிக்க வேண்டும் என்று காலையில் இருந்து நடக்கிறேன். எங்களை இதற்குள் இழுத்துவிட்டு நீ போய்விட்டாய். கூட்டத்தில் இனிமேல் நாங்கள் எல்லாரும் இதைக் கேட்கப் பழக வேண்டும் என்று கமலா அக்காவுக்கு இப்போதுதான் சொன்னேன். வாயே வராது என்றார். எனக்கும் வராதுதான் என்றேன். இன்னொன்றும் அவருக்குச் சொன்னேன்: இனிப் பிள்ளையிடம் மட்டும் கேட்டால் போதாது, கதவைத் திறக்கிற தாயிடமும் கேட்க வேண்டும். அது நீ சொன்னதில்லை. நேற்று எனக்குக் கிடைத்தது. உனக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தது, சொல்லிவிட்டேன்.

பின்னேரம் திரும்ப அங்கே போகிறேன். நேற்றைக்குக் கேட்டதை இன்றைக்கும் கேட்க வேண்டும், நாளைக்கும் கேட்க வேண்டும். உன் குரலில் கேட்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை. என் குரலில்தான் வருகிறது, அதுவும் நடுங்கிக்கொண்டு. பயம் போகவில்லை. கேட்கிறேன்.